பேனா வலது கையில் இருக்கட்டும், இடது கை எங்கே?

மாம்பழ சீசன் வந்தால் கிருஷ்ணகிரியில் எனக்கு, திரையில் டிஜிட்டல் பேனாவால் லேபிள் வரையும் வேலை குவியும். மாங்கூழ் டப்பா, ஜூஸ் பாட்டில், பழப்பெட்டி, எதுவானாலும் அதில் ஒரு கிளிமூக்கு மாம்பழம் இருந்தே ஆக வேண்டும். மேலே தோள் உருண்டு, வயிறு புடைத்து, கீழே வந்து மூக்கில் சட்டென்று வளைகிற அந்தக் கோட்டை ஒரே இழுப்பில் வரைய எனக்கு ரொம்ப நாள் வரவே இல்லை. வலது கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் இடது கை சும்மா மடியில் கிடந்ததுதான் கோளாறு.

தாளில் எழுதும்போது இடது கை என்ன செய்கிறது என்று பாருங்கள். தாளைப் பிடிக்கிறது, சாய்க்கிறது, வரி இறங்க இறங்க மேலே தள்ளுகிறது. பிரெஞ்சு ஆய்வாளர் ஈவ் கியார் 1987-இல் இதைத்தான் எழுதினார்: இடது கை முதலில் போய் இடத்தை அமைத்துக் கொடுக்கிறது, அதன் அசைவு பெரிது, மேலோட்டமானது, நுணுக்கமான வேலையை வலது கை பின்னால் வந்து செய்கிறது. பஸ் ஸ்டாண்ட் பூக்காரம்மாவும் அப்படித்தான், இடது விரல்களில் காம்புகளை அடுக்கிப் பிடித்த பிறகே வலது கை நாரைச் சுற்றும்.

சரி, திரைக்கு வருவோம். முதல் வேலையாக, உங்கள் ஆப்பில் விரலால் வரைவதை ஆஃப் செய்துவிடுங்கள். நான் செய்யாமல் விட்டு, உள்ளங்கை பட்டு விழுந்த ஒரு கரும்புள்ளி லேபிளோடு அச்சாகி வந்தது. பழத்தில் வண்டா என்று கேட்டார் வாடிக்கையாளர்! இனி பேனா மட்டும் வரையும், விரல் தாளை நகர்த்தும்.

அப்புறம் திருப்பப் பழகுங்கள், எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். மணிக்கட்டுக்கு இயல்பாக வரும் வளைவு ஒன்றுதான்; கோடு வேறு பக்கம் வளைந்தால் கையை முறுக்காதீர்கள், இடது கையின் இரண்டு விரலால் படத்தைத் திருப்பிக் கோட்டை அந்த வளைவுக்குக் கொண்டுவாருங்கள். நான் மாம்பழத்தின் தோளுக்கு ஒரு திருப்பு, வயிற்றுக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று என்று மூன்று தடவை திருப்புகிறேன், வலது கை கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் இருக்கும். சில விண்டோஸ் திரைகளில் பேனா முனை பக்கத்தில் இருக்கும்வரை விரல் வேலை செய்யாது, உள்ளங்கை தொல்லையைத் தவிர்க்க அப்படி வைத்திருக்கிறார்கள். பேனாவைக் கொஞ்சம் தூக்கிவிட்டுத் திருப்புங்கள், ரிப்பேர் என்று கடைக்கு ஓடாதீர்கள்.

ஐபேடில் புரோகிரியேட் என்ற வரையும் ஆப் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். இரண்டு விரலால் தட்டினால் கடைசிக் கோடு அழியும், மூன்று விரலால் தட்டினால் திரும்ப வரும். எனக்குப் பிடித்தது வேறு: வட்டம் வரைந்து பேனாவைத் தூக்காமல் அழுத்திப் பிடித்தால் கோடு சீராகி நீள்வட்டமாகும், அந்த நேரம் இடது விரலை வைத்தால் சுத்தமான வட்டம். டப்பா மூடிக்கு இதை விட்டால் வேறு வழி தேட மாட்டேன்.

தொடுதிரை இல்லாத, கணினியோடு இணைத்துப் பேனாவால் வரையும் பலகையான சாதாரண பென் டேப்லெட்தானா? கீபோர்டை முன்னால் வைக்காமல் இடது பக்கம் தள்ளி வையுங்கள். கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் ஸ்பேஸ் பாரைப் பிடித்துக்கொண்டு பேனாவை இழுத்தால் தாள் நகரும், ஷிஃப்டும் சேர்த்தால் திரும்பும், கன்ட்ரோல் பிடித்துப் படத்தில் ஒரு நிறத்தைத் தொட்டால் அந்த நிறம் கைக்கு வரும். முதல் வாரம் இந்த மூன்று போதும். நான் ஒரே நாளில் இருபது பட்டனுக்கு ஷார்ட்கட் வைத்துவிட்டு, எது எதுவென்று மறந்து மறுபடி மெனுவுக்கே போனேன்.

ஏப்ரல் வெயிலில் உள்ளங்கை வியர்த்துத் திரையில் ஒட்டும், கோடு நடுவில் நின்றுவிடும். சுண்டு விரலையும் மோதிர விரலையும் மட்டும் மூடுகிற கையுறை விற்கிறார்கள், இல்லாவிட்டால் பழைய காட்டன் சாக்ஸை வெட்டி மாட்டுங்கள், நான் இன்னும் அதைத்தான் மாட்டுகிறேன். இடது கைக்காரர்கள் இதையெல்லாம் அப்படியே மாற்றிப் படியுங்கள். டேப்லெட்டின் பட்டன்கள் வலது பக்கம் வரும்படி அதைச் சுழற்றி வைத்து, செட்டிங்ஸில் இடது கை என்று தேர்ந்தெடுத்தால் போதும்.