காண்டாக்ட் லென்ஸ் பவர் சீட்டைப் புதுப்பிப்பது எப்படி?

கண்ணாடிக்கு எழுதிய சீட்டை வைத்தே லென்ஸும் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். லென்ஸுக்குத் தனிச் சீட்டு வேண்டும், அதை வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். பவர் மாறவில்லை என்று தோன்றினாலும் கண் பரிசோதனைக்குப் போய்விட்டு வாருங்கள். கருவிழிக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்கிறதா, அதன் ஓரத்தில் புது ரத்தக் குழாய்கள் முளைக்கின்றனவா என்றெல்லாம் அங்கேதான் தெரியும்.

படி 1: பழைய பெட்டிகளை எடுத்து வையுங்கள்
வலது, இடது பெட்டிகளின் பக்கவாட்டைத் தனித்தனியாக மொபைலில் படம் எடுங்கள். பவர், 8.4 அல்லது 8.6 என்பது போன்ற பேஸ் கர்வ் (லென்ஸின் உட்பக்க வளைவு), 14.2 என்பது போன்ற டயாமீட்டர் (லென்ஸின் விட்டம்), காலாவதித் தேதி எல்லாம் அதில் இருக்கும்.

படி 2: லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போடுங்கள்
சாஃப்ட் லென்ஸ் என்றால் பரிசோதனைக்கு முன் குறைந்தது ஒரு நாள். ஹார்டு லென்ஸ் என்றால் இன்னும் அதிக நாள், அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். லென்ஸ் கருவிழியின் வளைவை லேசாக மாற்றி வைத்திருக்கும், அது பழைய நிலைக்குத் திரும்பினால்தான் அளவு சரியாக வரும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும்போது போங்கள். அது ஏறி இறங்கினால் பவரும் கூடவே மாறும்.

படி 3: பவர் கணக்கு
எனக்கு வெகுநாள் பிடிபடாத இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது, லென்ஸ் கருவிழி மேலேயே உட்காருகிறது. பவர் 4க்குக் கீழே இருந்தால் இந்த இடைவெளியால் பெரிய வித்தியாசம் வராது. அதற்கு மேல் போனால் வரும். கண்ணாடியில் -6.00 என்றால் லென்ஸுக்கு ஏறக்குறைய -5.60, அதாவது கையில் கிடைப்பது -5.50. கண்ணாடியில் -8.00 என்றால் -7.30 பக்கம். பிளஸ் பவருக்குக் கணக்கு தலைகீழ்: +6.00 ஏறி +6.50 ஆகும். கண்ணாடியின் மைனஸ் பவரையே லென்ஸிலும் போட்டால் தூரத்தில் எல்லாம் பளிச்சென்று தெரியும், ஆனால் படிக்க உட்கார்ந்தால் கண் களைத்துத் தலை வலிக்கும்.

இன்னொரு சிக்கல்: பல பிராண்டுகளில் -6.00க்கு மேல் அரை அரையாகத்தான் பவர் வரும். -7.30க்கு -7.00 போடுவதா, -7.50 போடுவதா? அதைக் காகிதத்தில் முடிவு செய்ய முடியாது. டிரையல் லென்ஸ் (போட்டுப் பார்க்கத் தரும் மாதிரி லென்ஸ்) போட்டு, அது படிந்து உட்காரக் கால் மணி நேரமாவது விட்டு, பிறகு பார்க்கச் சொல்லுங்கள். கண் சிமிட்டும்போது லென்ஸ் எவ்வளவு நகர்கிறது என்பதையும் அப்போதே பார்ப்பார்கள்.

படி 4: சீட்டில் என்ன இருக்க வேண்டும்?
பிராண்டு, இரு கண்ணுக்கும் பவர், பேஸ் கர்வ், டயாமீட்டர், எத்தனை நாளில் மாற்ற வேண்டும், தேதி. ஒன்று விட்டுப்போனாலும் அங்கேயே எழுதி வாங்குங்கள். 'கம்ப்யூட்டர் கண் பரிசோதனை' மெஷின் துப்பும் துண்டுக் காகிதம் சோதனையின் ஆரம்பம்தான், அதை வைத்து ஆர்டர் போடாதீர்கள். ஆப்டோமெட்ரிஸ்ட் (பார்வையைச் சோதித்துப் பவர் எழுதுபவர்) உட்கார்ந்து எழுதிய சீட்டைத்தான் நான் நம்புவேன். சீட்டு முடியும் தேதிக்கு மேல் தாங்கும் அளவுக்கு லென்ஸ் வாங்கிக் குவிக்கவும் வேண்டாம்.

கண் சிவந்து வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ வருஷம் முடியட்டும் என்று இருக்காதீர்கள். லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே டாக்டரிடம் போங்கள்.

பின்சேர்க்கை: சிலிண்டர் பவர் (கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளையாததைச் சரிசெய்யும் பவர்) உள்ள சிலர், தங்கள் கண்ணாடி எண் லென்ஸ் பட்டியலிலேயே இல்லை என்று எழுதியிருந்தார்கள். இவர்களுக்கான டாரிக் லென்ஸில் சிலிண்டர் பெரும்பாலும் -0.75, -1.25, -1.75 என்றும், ஆக்சிஸ் (அந்தச் சிலிண்டர் நிற்கும் கோணம்) பத்துப் பத்து டிகிரியாகவும்தான் வரும். உங்களுடையது -1.00, ஆக்சிஸ் 85 என்றால் பக்கத்து எண்ணை நீங்களாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். டாரிக் லென்ஸில் சின்னக் குறி இருக்கும், பல பிராண்டுகளில் அடிப்பக்கம். கண்ணில் போட்டபின் அது எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்துத்தான் ஆக்சிஸை எழுதுவார்கள்.