டெப்த் கேமரா சொல்லும் தூரத்தை எவ்வளவு நம்பலாம்? ஒரு சுவரும் டேப்பும் போதும்

டெப்த் கேமரா, அதாவது படத்தின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லும் கேமரா, கைக்கு வந்த முதல் நாள் எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்வோம். கையை முன்னால் நீட்டி, திரையில் நிறம் மாறுவதை வேடிக்கை பார்ப்போம். மவுஸைக் கை மேல் கொண்டுபோனால் 643 மி.மீ. என்று ஓர் எண் வரும். கடைசியில் இருக்கும் அந்த 3-க்கு ஏதாவது அர்த்தம் உண்டா என்று அப்போது கேட்கத் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. அட்டைப்பெட்டி ஒன்றின் உயரத்தை அளக்கப் போய், காலையில் ஓர் அளவும் மாலையில் வேறோர் அளவும் வந்த பிறகுதான் டேப்பைத் தேடினேன்.

இங்கே உதாரணத்துக்கு இன்டெல் ரியல்சென்ஸ் டி435. இரண்டு இன்ஃப்ராரெட் கேமராக்கள் 50 மி.மீ. இடைவெளியில் இருக்கின்றன. ஒரே புள்ளி இரண்டு படங்களிலும் எத்தனை பிக்சல் தள்ளித் தெரிகிறது என்று பார்த்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. வெறும் சுவரிலும் பிடிமானம் கிடைக்க, நடுவிலிருந்து ஒரு புரொஜெக்டர் இன்ஃப்ராரெட் புள்ளிகளைத் தூவுகிறது. வேறு கேமரா வைத்திருந்தாலும் படிகள் இவையேதான்.

படி 1: இடம், சாமான்கள்

சமமான சுவர், ட்ரைபாட், இரும்பு டேப், ரசமட்டம். சுவரில் நேரடி வெயில் படக்கூடாது. தரையில் டைல்ஸ் இருந்தால் அதன் கோடு கேமராவை நேராக நகர்த்த உதவும். ஆனால் டைல்ஸை எண்ணித் தூரம் சொல்லிவிடாதீர்கள். இடையில் உள்ள பூச்சு இடைவெளிகள் சேர்ந்துகொண்டே போகும்.

படி 2: சூடாகட்டும், ஃபில்டர்களை நிறுத்துங்கள்

கேமராவை ஓடவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். உள்ளே சூடு ஏற ஏற அளவு மெல்ல நகரும். என் பெட்டிக் குழப்பத்தில் பாதி இதுதான்: காலையில் போட்ட உடனே அளந்திருந்தேன்.

மென்மையாக்கும் ஃபில்டர், ஓட்டை அடைக்கும் ஃபில்டர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஓட்டை அடைப்பது என்றால், கேமராவுக்குத் தெரியாத இடத்தில் பக்கத்து எண்ணை எடுத்துப் போடுவது. பார்க்க அழகு. சோதனைக்கு ஆகாது.

படி 3: சுவருக்கு நேராக நிறுத்துங்கள்

1 பாகை திரும்பியிருந்தால்கூட, 40 செ.மீ. அகலமுள்ள சுவர்ப் பகுதியில் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் 7 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். அது கேமராவின் பிழை இல்லை, நம் பிழை. மேல்-கீழ் சாய்வை ரசமட்டம் பார்த்துக்கொள்ளும். இடது-வலதுக்கு, படத்தின் நடுவிலிருந்து இரு பக்கமும் சம தூரத்தில் இரண்டு பகுதிகளை எடுத்து, இரண்டும் ஒரே எண் காட்டும்வரை ட்ரைபாடைத் திருப்புங்கள். சுவரிலிருந்து செங்குத்துக் கோடு போட வேண்டுமென்றால் கொத்தனார் முறையே போதும்: 3 அடி, 4 அடி, குறுக்கே 5 அடி.

இங்கே புதியவர்கள் வழக்கமாக ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. டெப்த் படத்தில் வரும் எண், கேமராவிலிருந்து அந்தப் புள்ளிக்குக் கயிறு கட்டினால் வரும் நீளம் இல்லை. கேமராவின் முகத்திலிருந்து நேர் எதிராக எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான். சுவர் 2000 மி.மீ. தள்ளி இருந்தால், படத்தின் நடுவிலும் 2000, ஓரத்திலும் 2000. பக்கவாட்டில் 30 பாகை தள்ளியுள்ள புள்ளிக்கு டேப்பைச் சாய்வாக இழுத்தால் 2309 வரும். 'கேமரா 30 செ.மீ. தப்பு' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டேப்பை எப்போதும் நேராகவே பிடியுங்கள்.

படி 4: 100 ஃப்ரேம் எடுங்கள், பூஜ்யங்களைத் தள்ளுங்கள்

நடுவில் 100-க்கு 100 பிக்சல் உள்ள சதுரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 100 ஃப்ரேம்களைச் சேமியுங்கள்.

இந்தக் கேமராவில் 0 என்றால் தூரம் பூஜ்யம் என்று பொருள் இல்லை. 'தெரியவில்லை' என்று பொருள். சுவர் 1000 மி.மீ. தூரத்தில் இருக்கிறது, 100 பிக்சலில் 90 சரியாக 1000 காட்டுகிறது, 10 மட்டும் 0 என்று வைத்துக்கொள்வோம். அப்படியே சராசரி எடுத்தால் 900. ஒரு பிக்சல்கூடப் பொய் சொல்லவில்லை, ஆனால் விடையில் 10 செ.மீ. பிழை. ஆகவே முதலில் பூஜ்யங்களை எண்ணித் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் நீக்குங்கள். சராசரிக்குப் பதில் நடுமதிப்பை எடுப்பது இன்னும் நல்லது.

படி 5: மூன்று எண்களைத் தனித்தனியாகக் கணக்கிடுங்கள்

முதலாவது, ஒருபக்கப் பிழை. கேமராவின் நடுமதிப்பிலிருந்து டேப் அளவைக் கழித்தால் வருவது. கேமரா தூரத்தை எண்ணத் தொடங்கும் புள்ளி முன்பக்கக் கண்ணாடி இல்லை, சில மி.மீ. உள்ளே இருக்கும். அதனால் நான் ஒற்றை அளவை நம்புவதில்லை. ட்ரைபாடைச் சரியாக 500 மி.மீ. பின்னால் நகர்த்தி, கேமராவும் 500 கூடியதாகச் சொல்கிறதா என்று பார்ப்பேன். தொடக்கப்புள்ளிச் சிக்கல் தானாகக் கழிந்துபோகும்.

இரண்டாவது, நேர நடுக்கம். ஒவ்வொரு பிக்சலுக்கும் 100 ஃப்ரேம்களில் வந்த எண்களின் திட்ட விலக்கம்.

மூன்றாவது, பரப்பு நெளிவு. புள்ளிகளை முப்பரிமாணத்துக்கு மாற்றி, ஒரு சமதளத்தைப் பொருத்தி, புள்ளிகள் அதிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாக நினைத்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. இப்படி இரண்டு கண்களை வைத்துத் தூரம் கணக்கிடும் ஸ்டீரியோ கேமராவில் சுவர் ஓரிடத்தில் மேடாகவும் ஓரிடத்தில் பள்ளமாகவும் தெரியும். அந்த மேடு பள்ளங்களில் பெரும்பகுதி ஃப்ரேமுக்கு ஃப்ரேம் அசையாமல் அப்படியே நிற்கும். நேர நடுக்கம் 1 மி.மீ.க்கும் குறைவாக வந்ததும் 'ஆகா, எவ்வளவு துல்லியம்' என்று நானே குதித்திருக்கிறேன். எண் ஆடாமல் நின்றது, அவ்வளவுதான். ஆயிரம் ஃப்ரேம் எடுத்துச் சராசரி போட்டாலும் அந்த நெளிவு போகாது.

படி 6: தூரத்தை மாற்றி மாற்றி அளங்கள்

0.5, 1, 2, 3, 4 மீட்டர். ஒவ்வோர் இடத்திலும் படி 3-ஐ மறுபடி செய்யுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும், வேறு வழியில்லை.

ஸ்டீரியோவில் பிழை தூரத்தின் வர்க்கமாக வளரும். 848-க்கு 480 படத்தில் டி435-இன் குவியத் தூரம் ஏறக்குறைய 425 பிக்சல். 1 மீட்டரில் இரண்டு படங்களுக்கும் இடையிலான விலகல் 425 × 50 ÷ 1000, அதாவது 21 பிக்சல் சொச்சம். 4 மீட்டரில் அது 5 பிக்சல்தான். பொருத்துவதில் 0.1 பிக்சல் தவறினால் 1 மீட்டரில் 5 மி.மீ.க்குள் பிழை, 2 மீட்டரில் 19, 4 மீட்டரில் 75. தயாரிப்பாளர் தருவதும் 2 மீட்டரில் 2 சதவீதத்துக்குள், அதாவது 40 மி.மீ.க்குள், என்ற உறுதிதான். உங்கள் எண்களை வரைபடமாகப் போட்டால் இதே வளைவு வர வேண்டும். ஒரு புள்ளி மட்டும் எகிறி நின்றால் அந்த அளவைத் திரும்ப எடுங்கள். பெரும்பாலும் ட்ரைபாட்தான் திரும்பியிருக்கும்.

ஒளி போய்த் திரும்பும் நேரத்தை வைத்து அளக்கும் கேமராக்களில், 2013-இல் வந்த இரண்டாம் கினெக்ட் போன்றவற்றில், இந்த வளைவை எதிர்பார்க்காதீர்கள். அங்கே தொல்லை வேறு: அறையின் மூலையில் ஒளி இரண்டு சுவரிலும் பட்டுத் திரும்புவதால் கூரான மூலை மழுங்கித் தெரியும்.

படி 7: உங்கள் பொருள்களைக் காட்டுங்கள்

சுவர் நல்ல பிள்ளை. எவர்சில்வர் டம்ளர் அப்படியில்லை. அதன் வளைவில் ஒரு பட்டை முழுக்கப் பூஜ்யமாக இருக்கும், அல்லது டம்ளருக்குப் பின்னால் எங்கோ ஒரு தூரம் வரும். கண்ணாடி, தண்ணீர், கறுப்பு வெல்வெட் எல்லாம் இதே வகை. கொடியில் காயும் கட்டம் போட்ட லுங்கியும் சிக்கல்தான். ஒரே மாதிரிக் கட்டங்கள் வரிசையாக இருப்பதால் எந்தக் கட்டத்துக்கு எந்தக் கட்டம் இணை என்று கேமரா குழம்பும். பொருளின் விளிம்பில், முன்னாலும் இல்லாமல் பின்னாலும் இல்லாமல் அந்தரத்தில் சில புள்ளிகள் மிதக்கும். விளிம்பிலிருந்து சில பிக்சல் உள்ளே தள்ளி அளந்தால் அவை தொல்லை தராது.

முடிவெடுப்பது

வேலைக்கு எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். பெட்டி உயரம் 1 செ.மீ.க்குள் வேண்டுமென்றால், 2 மீட்டரில் 19 மி.மீ. தவறும் கேமரா ஆகாது. அதற்காகப் புதுக் கேமரா வாங்க ஓட வேண்டாம். 1 மீட்டருக்குக் கொண்டுவாருங்கள், பிழை நாலில் ஒரு பங்காகும். கிட்டே வைக்க இடமில்லை என்றால் மட்டும், இரண்டு கண்களுக்கும் இடையே 95 மி.மீ. உள்ள டி455 மாதிரியானதைப் பாருங்கள். கிடைத்த அட்டவணையைக் கேமராவோடு ஒட்டி வையுங்கள், தேதியும் போடுங்கள். கேமரா ஒருமுறை மேசையிலிருந்து விழுந்தால் அந்தத் தாள் செல்லாது, படி 2-இலிருந்து மறுபடி.