மூலைவிட்டத்தைக் காலியாக விடாதீர்கள்: எல்லைத் தொகையீட்டுச் சமன்பாட்டைக் கணினியில் தீர்க்கும் வழி

ஒரு வடிவத்துக்குள் லாப்லாஸ் சமன்பாட்டை (நிலையான வெப்பநிலை, மின்னழுத்தம் போன்றவற்றை விவரிக்கும் சமன்பாடு) தீர்க்க வேண்டும், எல்லையில் மட்டும்தான் மதிப்பு தெரியும் என்றால், உள்ளே முழுக்க வலை பின்ன வேண்டியதில்லை. எல்லைக்கோட்டின் மேல் ஓர் அடர்த்தியைப் பரப்பி, அதைத் தூரத்தின் இயல் மடக்கையால் பெருக்கித் தொகையிட்டாலே தீர்வு வந்துவிடும். அந்த அடர்த்தியைக் கண்டுபிடிப்பதுதான் வேலை; அதற்கான சமன்பாடுதான் எல்லைத் தொகையீட்டுச் சமன்பாடு. ஆனால் எல்லையிலேயே நின்று கணக்கிடும்போது, ஒரு புள்ளிக்கும் அதே புள்ளிக்கும் இடையே தூரம் பூச்சியம்; மடக்கை கழித்தல் முடிவிலிக்கு ஓடிவிடும். தொகையீட்டுக்குள் அடர்த்தியைப் பெருக்கும் சார்பு (கெர்னல்) இப்படி ஓரிடத்தில் முடிவிலிக்கு ஓடினால், அதுதான் சிங்குலர் கெர்னல்.

அந்த ஓர் உறுப்பை மட்டும் பூச்சியமாக்கிவிட்டு மேலே போகத் தோன்றும். விடையும் ஏதோ ஒன்று வரும், அதனால்தான் இது ஆபத்து. ஓரலகு வட்டத்தில் சம இடைவெளியில் 'ந' புள்ளிகள் வையுங்கள். ஒரு புள்ளியிலிருந்து மற்ற எல்லாப் புள்ளிகளுக்கும் உள்ள தூரங்களைப் பெருக்கினால் விடை மிகச் சரியாக 'ந' (அழகான முடிவு, ஒருமுறை நீங்களே நிறுவிப் பாருங்கள்). ஆக மடக்கைகளின் கூட்டல் மடக்கை(ந). உண்மையான தொகையீடோ 0. கூட்டலை இடைவெளி 2π/ந ஆல் பெருக்கும் சரிவக விதி தரும் பிழை 32 புள்ளிகளில் 0.68, 64-இல் 0.41, 1024 புள்ளிகள் போட்டும் 0.043. இந்த வேகத்தில் போனால் எங்கேயும் போய்ச் சேர முடியாது.

இதே கணக்கிலேயே மருந்தும் இருக்கிறது. காலியாக விட்ட இடத்தில் மடக்கை(1/ந) என்று போட்டால் கூட்டல் துல்லியமாக 0 ஆகிவிடும். வழவழப்பான வேறு எந்த மூடிய வளைவையும் மிக அருகில் போய்ப் பார்த்தால், வட்டத்திலிருந்து அது மாறுவது வேகத்தில்தான் (துணையலகு, அதாவது வளைவில் இடத்தைக் குறிக்கும் மாறி, சற்றே கூடும்போது புள்ளி எவ்வளவு விரைவாக நகர்கிறது என்பது; சுருக்கமாக 'வே'). அதனால் அங்கே மடக்கை(வே/ந).

படி 1. வளைவு. அரை நெட்டச்சு 2, அரைக் குற்றச்சு 1 உள்ள நீள்வட்டத்தை எடுத்துக்கொள்வோம்: கிடை ஆயம் 2 கொசைன், குத்து ஆயம் சைன். துணையலகை 0 முதல் 2π வரை 'ந' சம பாகங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் வேகம் 'வே' என்பது (4 சைன்² + கொசைன்²)-இன் வர்க்கமூலம்.

படி 2. அணி. நிரைக்கு ஒரு புள்ளி, நிரலுக்கு ஒரு புள்ளி; ஒவ்வொரு உறுப்பும் (2π/ந) × நிரலுக்குரிய புள்ளியின் வே × மடக்கை(அவ்விரு புள்ளிகளின் தூரம்). முதன்மை மூலைவிட்டத்தில், அதாவது ஒரு புள்ளி தன்னையே சந்திக்கும் இடங்களில், மட்டும் மடக்கை(தூரம்) என்பதற்குப் பதில் மடக்கை(வே/ந). அவ்வளவுதான், கணினி நிரலில் ஒரே ஒரு வரி.

படி 3. வலப்பக்கத்தில், விடை தெரிந்த இசைச் சார்பு (லாப்லாஸ் சமன்பாட்டை நிறைவு செய்யும் சார்பு) ஒன்றின் எல்லை மதிப்புகளைப் போடுங்கள். கிடையின் வர்க்கம் கழித்தல் குத்தின் வர்க்கம் போதும். அணிச் சமன்பாட்டைத் தீர்த்தால் அடர்த்தி கிடைக்கும்.

படி 4. சோதனை. இதைத் தயவுசெய்து தாண்டிவிடாதீர்கள். உள்ளே (0.3, 0.2) என்ற புள்ளியில் அடர்த்தி × வே × மடக்கை(தூரம்) எல்லாவற்றையும் கூட்டி 2π/ந ஆல் பெருக்குங்கள், 0.05 வர வேண்டும். அப்புறம் புள்ளிகளை 32, 64, 128 என்று இரட்டிப்பாக்குங்கள். ஒவ்வொரு முறையும் பிழை ஏறத்தாழ 8-இல் ஒரு பங்காகக் குறைந்தால் எல்லாம் சரி. ஏறத்தாழ பாதியாக மட்டும் குறைகிறதா? நேராக மூலைவிட்டத்தைப் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் 'வே' விட்டுப்போயிருக்கும்.

ஓரலகு வட்டத்தில் இதையே ஓட்டிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். அங்கே மாறிலி அடர்த்தியின் தொகை 0 என்று மேலேயே பார்த்தோம், அதனால் அணி பூச்சியக்கோவை அணியாகிவிடும், அதாவது ஒரே விடை கிடைக்காது. நீள்வட்டத்தில் இரண்டு அரையச்சுகளின் சராசரி 1 ஆனாலும் இதே கதிதான். நாம் எடுத்ததில் அது 1.5, பிரச்சினை இல்லை. மாட்டிக்கொண்டால் நீள அலகை மாற்றி வடிவத்தைப் பெரிதாக்கினாலே போதும்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் 1960-களில் மார்ட்டென்சன், குஸ்மாவுல் என்ற கணிதவியலாளர்கள் தந்த எடைகளை (கூட்டலில் ஒவ்வொரு புள்ளிக்கும் போடும் பெருக்கிகளை) பாருங்கள். மடக்கைப் பகுதியைத் தனியே பிரித்து ஃபூரியே முறையில் துல்லியமாகத் தொகையிடுவதால், பகுமுறை வளைவுகளில் (நீள்வட்டம் போல, அடுக்குத் தொடராக விரிக்கக்கூடியவை) பிழை அடுக்குக்குறி வேகத்தில் விழும். என் பரிந்துரை, முதலில் மேலே சொன்ன ஒரு வரித் திருத்தத்தை ஓடவைத்துவிட்டு அதற்குப் போங்கள்.

எல்லைக்கு மிக அருகில், புள்ளி இடைவெளியைப் போல ஐந்து மடங்குக்கும் குறைவான தூரத்தில், படி 4-இன் கூட்டல் நம்பகமாக இருக்காது. அங்கே அடர்த்தியை இன்னும் நெருக்கமான புள்ளிகளுக்கு இடைச்செருகிக் கூட்டுங்கள். கூர்முனை உள்ள வடிவங்களுக்கு இந்த முறை அப்படியே செல்லாது, முனையை நோக்கிப் புள்ளிகளை நெருக்க வேண்டும். முப்பரிமாணத்தில் கெர்னல் 1/தூரம். அதற்கு 1982-இல் டஃபி தந்த மாறி மாற்றத்திலிருந்து தொடங்கலாம்.