கேபிள் பில்லைப் பிரித்துப் பார்த்து உங்கள் வீட்டுக்கான பேக்கை எடுப்பது எப்படி

மன்னார்குடி பக்கம் எங்கள் தெருவில் அடுத்தடுத்து மூன்று வீடு. கேபிள்காரர் ஒருவரே, பாக்ஸும் ஒரே மாதிரிதான், ஆனால் மாதாமாதம் கொடுக்கிற பணம் மூன்று வீட்டுக்கும் வேறு வேறு. ஒரு காதுகுத்து வீட்டில் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பேச்சுவாக்கில்தான் இது வெளியே வந்தது, அதுவரை யாரும் யாரையும் கேட்டதில்லை. நெல் மூட்டை என்ன விலை போகிறது என்று கொள்முதல் நிலையம், வியாபாரி என நாலு இடம் விசாரிக்காமல் களத்தை விட்டு நெல்லை நகர்த்தாத ஊர் இது. அதே ஊரில் டிவிக்கு மட்டும் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு வாரமும் ஒரு நோட்டும் இருந்தால் போதும்.

முதல் வேலை, விலைப் பட்டியலைத் தொடாதீர்கள். பட்டியலைப் பார்த்தவுடன் "இருநூறு சேனல் இவ்வளவுதானா" என்று மனம் அந்தப் பக்கம் போய்விடும். அதற்குப் பதிலாக டிவி பக்கத்தில் நோட்டை வைத்து, யார் எந்தச் சேனலை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று ஒரு வாரம் எழுதுங்கள். எங்கள் வீட்டில் எழுதியபோது, பெட்டியில் இருந்த அத்தனை சேனலில் ஏழைத்தான் யாராவது பத்து நிமிடத்துக்கு மேல் பார்த்திருந்தோம். வாரம் முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: இந்தச் சேனல் நாளை நின்றுபோனால், அதைத் திரும்பக் கொண்டுவர மாதம் எவ்வளவு கொடுப்பீர்கள்? அப்பாயி சீரியல் சேனலுக்கு முதலில் நூறு ரூபாய் என்றார். "அப்பாயி, அந்த நூறை உங்கள் பென்ஷன் காசில் இருந்து எடுக்கட்டுமா" என்று கேட்டதும் நாற்பதுக்கு இறங்கினார். இந்த இரண்டாவது கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். அடுத்தவர் காசு என்றால் எல்லோருக்கும் எல்லாச் சேனலும் வேண்டும்தான், தன் கையில் இருந்து போகும் என்றால்தான் சரியான எண் வரும்.

இந்த எண்ணுக்குப் பொருளாதாரத்தில் பெரிய இடம் இருக்கிறது. அமெரிக்காவில் பழைய சினிமாப் படங்களைக் கட்டாகச் சேர்த்து டிவி நிலையங்களுக்கு விற்றது பற்றிய ஒரு வழக்கில் 1962ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அதை வைத்து ஜார்ஜ் ஸ்டிக்ளர் என்கிற பொருளாதார அறிஞர் 1963ல் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார், பின்னாளில் 1982ல் நோபல் வாங்கியவர். அவர் கணக்கை நம் தெருவுக்குக் கொண்டுவந்து சொல்கிறேன். அப்பாயிக்கு சீரியல் சேனல் 40 ரூபாய் பெறும், கிரிக்கெட் சேனல் 15 ரூபாய்தான். எதிர்வீட்டுத் தம்பிக்கு அப்படியே தலைகீழ், கிரிக்கெட் 40, சீரியல் 15. தனித்தனியாக 40 ரூபாய்க்கு விற்றால் ஒவ்வொரு சேனலையும் ஒருவர்தான் வாங்குவார், கிடைப்பது 80. எல்லோரும் வாங்கட்டும் என்று 15க்கு இறக்கினால் கிடைப்பது வெறும் 60. இரண்டையும் சேர்த்துக் கட்டி 55 என்று வைத்தால்? இருவருமே வாங்குவார்கள், 110 வந்துவிடும். சந்தையில் முருங்கைக்காய், கத்திரிக்காய், ஒரு மாங்காய்த் துண்டு என்று சாம்பாருக்குக் கூறு கட்டி வைப்பார்களே, அதில் உங்களுக்கு முருங்கை, எனக்கு மாங்காய். கூறு ஒன்றுதான், எதற்காக வாங்குகிறோம் என்பது ஆளுக்கு ஆள் வேறு. பேக் விற்பனை அப்படித்தான் நிற்கிறது. கட்டி விற்பதால் வேறு வழியில் சேனல் கிடைக்காத ஆளுக்கும் கிடைக்கிறது என்பதும் உண்மை, அதனால் பேக் என்றாலே கொள்ளை என்று நினைத்துக்கொண்டு ஆரம்பிக்காதீர்கள்.

சரி, இப்போது பில்லை எடுங்கள். அதில் மூன்று பகுதி இருக்கும்: இணைப்புக்கான நெட்வொர்க் கட்டணம், கட்டணச் சேனல்களின் விலை, இரண்டுக்கும் மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. இப்படிப் பிரித்துக் காட்டும் முறை 2019 பிப்ரவரி 1 முதல் வந்தது, டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த விதி. எங்கள் பக்கத்தில் அப்போது யாரும் இதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. 2018 நவம்பர் 16ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, தென்னையும் கரண்ட் கம்பமும் சேர்ந்து சாய்ந்து கிடந்த நேரம், லைன் திரும்ப வந்ததே பெரிய விஷயம், வந்தவர் போட்ட பேக்தான் பேக். பல வீடுகளில் அன்றைக்குப் போட்ட பட்டியல் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் என் சந்தேகம். 2019ல் அந்த விதிப்படி 100 சேனலுக்கு நெட்வொர்க் கட்டணம் 130 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது, வரியோடு 153 ரூபாய் 40 காசு. 2020ல் அதே 130க்கு 200 சேனல் என்று ஆக்கினார்கள். 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள், இப்போது கேபிள், டிஷ் நிறுவனம் தானே விலை வைக்கலாம். அதனால் கேபிள்கார அண்ணனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "பேக் எவ்வளவு" என்பது இல்லை. "அண்ணே, இதில் நெட்வொர்க் கட்டணம் எவ்வளவு, சேனலுக்கு எவ்வளவு" என்று கேளுங்கள். எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கூட்டல், இங்கேதான் நிறையப் பேர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். உங்கள் நோட்டில் சேனல் நடத்துகிற ஒரே நிறுவனத்தின் நான்கு சேனல் இருக்கிறது என்று வையுங்கள், தனி விலை 19, 19, 12, 6 (புரிவதற்காக நானே வைத்த எண்கள்). மொத்தம் 56, வரியோடு 66 ரூபாய் 8 காசு. அதே நான்கோடு வேறு எட்டுச் சேனலையும் சேர்த்த பேக் 45 ரூபாய், வரியோடு 53 ரூபாய் 10 காசு. அந்த எட்டை ஜென்மத்துக்கும் பார்க்கப் போவதில்லை என்றாலும் பேக்கைத்தான் எடுக்க வேண்டும், பார்க்காத சேனலுக்குக் காசா என்ற கோபத்தில் பதிமூன்று ரூபாயை விட்டுவிடாதீர்கள். ஆனால் உங்களுக்கு அதில் 19ம் 12ம் மட்டும்தான் வேண்டும் என்றால் 31, வரியோடு 36 ரூபாய் 58 காசு, அப்போது பேக் நஷ்டம். இதை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனியாகப் போடுங்கள், ஏனென்றால் ஒரு நிறுவனத்தில் பேக் லாபமாகவும் இன்னொன்றில் தனிச் சேனல் லாபமாகவும் வரும். 2022 நவம்பரில் திருத்திய விதிப்படி, 19 ரூபாய்க்கு மேல் விலை வைத்த சேனலை பேக்கில் போடக்கூடாது, பேக்குக்கு நிறுவனம் தரும் தள்ளுபடி தனி விலைகளின் கூட்டுத்தொகையில் 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆக தனி விலை உயர்வாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை, பேக்கை மலிவாகக் காட்டுவதே அந்த விலைதான். 2019ல் வந்த விதியில் எச்டி சேனல் ஒன்றை இரண்டு சேனலாக எண்ணினார்கள், சின்ன டிவி வைத்திருப்பவர்கள் சாதாரணச் சேனலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

"எல்லாவற்றையும் தனித்தனியாகக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது" என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கிராஃபோர்டு, யுருகோக்லு என்ற இருவர் 2012ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு என்னை மாற்றியது. இப்போதுள்ள விலை அப்படியே நின்றால் தனித்தனியாக வாங்குவது மக்களுக்கு நல்லதுதான் என்று அவர்கள் கணக்கும் சொல்கிறது. ஆனால் விலை நிற்காதே. வாங்குகிற வீடுகள் குறைந்தால் சேனல்காரர் புதுப் பேரம் பேசுவார், அப்போது கேபிள் நிறுவனம் சேனலுக்குக் கொடுக்க வேண்டிய தொகை 103 சதவீதம், அதாவது இரண்டு மடங்குக்கும் மேல் ஏறும் என்று மதிப்பிட்டார்கள். கடைசியில் மக்களுக்குக் கிடைக்கும் நன்மை 5.4 சதவீதம் குறைவதில் இருந்து 0.2 சதவீதம் கூடுவது வரைக்கும்தான் வந்தது. அது அமெரிக்கக் கணக்கு, திருவாரூருக்கு எண் அப்படியே பொருந்தாது. ஆனால் நாம் வாங்கும் முறை மாறினால் விற்பவர் விலையையும் மாற்றுவார் என்பது இங்கேயும் நடப்பதுதான், அதனால் இந்தக் கூட்டலை ஒருமுறை போட்டு மூடி வைக்காமல் விலை மாறும்போதெல்லாம் திரும்பப் போடுங்கள்.

அப்புறம், உங்கள் தெருவுக்கு எத்தனை வழியில் டிவி வரும் என்று எண்ணுங்கள். தனியார் கேபிள், அரசு கேபிள், டிஷ், மாதக் கட்டணமே இல்லாத தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ், ஃபைபர் வந்த இடத்தில் ஓடிடி. 2011ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய் என்று வந்தபோது எல்லோர் பேச்சிலும் அந்த எழுபதுதான் அளவுகோலாக இருந்தது. கூல்ஸ்பீ, பெட்ரின் இருவரும் 2004ல் எழுதிய ஆய்வில், டிஷ் என்ற போட்டி இல்லாமல் இருந்தால் அமெரிக்காவில் கேபிள் கட்டணம் சுமார் 15 சதவீதம் கூடுதலாக இருந்திருக்கும் என்று கண்டார்கள். டிஷ் வாங்காத வீட்டுக்கும் டிஷ்ஷால் லாபம். நீடாமங்கலம் தாண்டி உள்ளே ஒரே லைன் போகிற கிராமங்களில் இருப்பவர்கள் மாறப்போவதில்லை என்றாலும் டிஷ் விலையைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேசுங்கள். மாறுவதாக இருந்தால் புதுப் பாக்ஸுக்கும் மாட்டுவதற்கும் ஆகும் செலவை 24 மாதத்தால் வகுத்து மாதக் கட்டணத்தோடு கூட்டிப் பாருங்கள், அதற்கும் மேல் மிச்சம் வந்தால் மாறலாம்.

கடைசி வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது, தெருவில் கேட்பது. கேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001க்குள் செல்போன் வந்தபோது, மீனவர்கள் கரைக்கு வரும் முன்பே எந்தத் துறையில் என்ன விலை என்று கேட்டுக்கொண்டு படகைத் திருப்பினார்கள். அதை ஆராய்ந்த ராபர்ட் ஜென்சன் 2007ல் எழுதியது: துறைக்குத் துறை இருந்த விலை வித்தியாசம் சுருங்கியது, மீன் வீணாவது நின்றது, மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குபவர் விலையும் 4 சதவீதம் இறங்கியது. மீன் அதே மீன்தான், விலை தெரிந்ததுதான் புதிது. நாங்கள் அந்த மூன்று வீட்டு பில்லையும் ஒரு திண்ணையில் வைத்துப் பார்த்தோம். அதிகம் கொடுத்த வீட்டில், யாருக்கும் மொழி புரியாத சேனல்கள் அடங்கிய ஒரு பேக் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது, கேட்டு வாங்கியவர் யாரும் இல்லை. கேபிள்காரரிடம் சண்டை எதுவும் போடவில்லை. வேண்டிய சேனல்களின் பெயரைத் தாளில் எழுதி, தேதி போட்டுக் கொடுத்தோம், ஒரு நகலை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டோம், அடுத்த மாதம் அந்தப் பேக் பில்லில் இல்லை. அதே தாளின் கீழே "ஐபிஎல் முடிந்ததும் ஸ்போர்ட்ஸ் சேனலை எடுத்துவிடவும்" என்று எதிர்வீட்டுத் தம்பியும் ஒரு வரி சேர்த்திருக்கிறான்.