மைனஸ் 30ல ஹைப்ரிட் ஓட்டுறவங்க மைலேஜ காப்பாத்துறது எப்படி

கனடாவுல வின்னிபெக்ல ஜனவரி வந்துட்டா டொயோட்டா ப்ரியஸ் மாதிரி, பெட்ரோல் எஞ்சினும் பேட்டரி மோட்டாரும் சேந்து ஓட்டுற ஹைப்ரிட் கார் வச்சிருக்கவங்களுக்கு ஒரே கவலைதான், சிக்னல்ல நின்னாலும் எஞ்சின் ஆஃப் ஆக மாட்டேங்குதேன்னு. பேட்டரி போயிடுச்சோன்னு பயப்படாதீங்க. உள்ள ஹீட்டர் போட்டிருக்கீங்கல்ல, அந்த சூடு எஞ்சின சுத்தி ஓடுற கூலன்ட் திரவத்துலருந்துதான் வருது, கூலன்ட் ஆறிட்டா வண்டி சும்மா நின்னாலும் சூட்டுக்காகவே எஞ்சின் ஓடும். சிட்டிக்குள்ள 25 டிகிரில கிடைக்கிற மைலேஜ் மைனஸ் 7லயே ஹைப்ரிட்ல 30லருந்து 34 சதவீதம் வரைக்கும் குறையலாம்னு அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லுது. மைனஸ் 30 அதவிட மோசம். அதனால கூலன்ட்ட சீக்கிரம் சூடாக்கணும், ஏறின சூட்ட விட்டுடக்கூடாது, மத்ததெல்லாம் அப்புறம்தான்.

பிளாக் ஹீட்டர், அதாவது வண்டி நிக்கும்போதே எஞ்சின கரன்ட்ல சூடாக்குற சாதனம், இல்லன்னா முதல்ல அத மாட்டுங்க. ராத்திரி பூரா சொருகி வைக்கிறது கரன்டுக்கு தண்டம், கிளம்புறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி ஆன் ஆகுற மாதிரி டைமர் போட்டா போதும்.

அடுத்து கிரில், வண்டி முன்னாடி காத்து உள்ள போற சல்லடை. ஹார்ட்வேர் கடைல தண்ணி பைப்புக்கு சுத்துற கறுப்பு ஃபோம் கிடைக்கும், அத வெட்டி கீழ் கிரில் இடுக்குல அமுக்கி விடுங்க, குளிர்காத்து ரேடியேட்டர்ல அடிக்காது. ஒரேயடியா அடைக்காம கொஞ்சம் கொஞ்சமா அடைச்சு ஓபிடி ரீடர்ல (வண்டில சொருகி எஞ்சின் அளவெல்லாம் பாக்குற கருவி) கூலன்ட் சூட்ட பாத்துக்கோங்க, 95 டிகிரி தாண்டுச்சுன்னா ஒரு ஃபோம் துண்ட உருவிடுங்க. பனி உருக ஆரம்பிச்சதும் மொத்தத்தையும் எடுத்துடணும், இல்லன்னா ஹைவேல, பேட்டரி கரன்ட மோட்டாருக்கு மாத்தித் தர்ற இன்வெர்ட்டரும் சேந்து காயும். தானா மூடிக்கிற கிரில் இருக்கிற புது மாடல்னா கை வைக்கவே வேணாம்.

ஏறின உடனே ஹீட்டர ஃபுல்லா வைக்காதீங்க, சீட் ஹீட்டர் போட்டுட்டு பெட்ரோல் மிச்சப்படுத்துற ஈகோ மோடுல மெதுவா கிளம்புங்க, நின்ன இடத்துல பத்து நிமிஷம் ஓடவிடுறதவிட ஓட்டுறப்பதான் எஞ்சின் சீக்கிரம் சூடாகும். ஆனா முன் கண்ணாடில ஆவி படிஞ்சா யோசிக்காம டீஃப்ராஸ்ட் போடுங்க, ரோடு தெரியாம மிச்சப்படுத்துற பெட்ரோல் வேணவே வேணாம்.

பின் சீட் பக்கம் இருக்கிற பேட்டரி காத்து ஓட்டைய ஜாக்கெட், பைன்னு போட்டு மூடாதீங்க, காருக்குள்ள இருக்கிற கதகதப்பான காத்துதான் பேட்டரிக்கும் போகுது. டயர் காத்து, ஒவ்வொரு 5 6 டிகிரி குறையுறதுக்கும் சுமார் 1 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) இறங்கும், வண்டி ஆறி இருக்கும்போதே செக் பண்ணுங்க.

நாலஞ்சு வேலை இருந்தா எல்லாத்தையும் ஒரே சுத்துல முடிங்க, தூரமா இருக்கிற கடைக்கு முதல்ல போயிடுங்க, எஞ்சின் நல்லா சூடாயிடும், அப்புறம் வர்ற வழில பக்கத்துக் கடைங்கள்ல நிறுத்தி எடுத்தா அவ்வளவா ஆறாது.