பார்வை மங்கினால் சுகர் மட்டும்தானா? ரத்தப் புரதக் கோளாறில் நாம் செய்யும் தவறுகள்

தண்டையார்பேட்டையிலோ கொடுங்கையூரிலோ ஐம்பது தாண்டிய ஒருவர் "கண்ணு மங்கலா தெரியுது" என்றால், வீட்டில் முதலில் வரும் பதில் "சுகர் ஏறியிருக்கும்". அடுத்தது, "பவர் மாறியிருக்கும்". பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். சரியாக இல்லாத சிலரை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவர்களுடைய ரத்தத்தில் ஒரே வகைப் புரதம் அளவுக்கு மீறிச் சேர்ந்து, ரத்தம் கெட்டிப்பட்டு, விழித்திரை கெட்டுக்கொண்டிருக்கும். கண்ணாடியை எத்தனை முறை மாற்றினாலும் அது நிற்காது.

நோய் எதிர்ப்புப் புரதங்களைச் செய்யும் செல்களில் ஒன்று கட்டுப்பாடு இழந்து பெருகினால், அதன் வாரிசுகள் எல்லாம் ஒரே புரதத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் அப்படி ஒன்று. 1944-ல் ஸ்வீடன் மருத்துவர் யான் வால்டன்ஸ்ட்ராம் விவரித்த நோய் இன்னொன்று. இந்த இரண்டாவதில் மிகுவது ஐஜிஎம் என்ற நோய் எதிர்ப்புப் புரதம். ஐந்து அலகுகள் ஒட்டிய பெரிய மூலக்கூறு அது, பெரும்பகுதி ரத்தக் குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். தண்ணீரின் பாகுத்தன்மையை 1 என்று வைத்தால் ரத்த சீரத்துக்குச் சாதாரணமாக 1.2 முதல் 1.8 வரை இருக்கும். 4-ஐத் தாண்டும்போதுதான் பெரும்பாலும் தொல்லை தெரியத் தொடங்கும்: பார்வை மங்கல், தலைவலி, மூக்கிலும் ஈறிலும் ரத்தக்கசிவு.

சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்துப் பார்த்தால் விழித்திரைச் சிரைகள் தடித்து, வளைந்து நெளிந்து, அங்கங்கே புடைத்தும் நடுநடுவே ஒடுங்கியும் இருக்கும். பக்கத்தில் தீ நாக்கு வடிவில் ரத்தக்கசிவு. இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில் இப்படி இருப்பது முக்கியமான துப்பு. சாதாரணமாக விழித்திரைச் சிரை அடைத்துக்கொண்டால் ஒரு கண்ணில்தான் வரும். சர்க்கரை நோயும் இரண்டு கண்ணையும் கெடுக்கும் என்பதால்தான் குழப்பம். சர்க்கரை வந்து கொஞ்ச காலமே ஆகி, கட்டுப்பாட்டிலும் இருந்து, விழித்திரை மட்டும் இவ்வளவு மோசமாக இருந்தால், "ரத்தத்துல வேற ஏதாவது இருக்குமா சார்?" என்று கேட்க வேண்டும்.

பதில் பல நேரம் வீட்டிலேயே இருக்கும். லிவர் டெஸ்ட் ரிப்போர்ட்டில் டோட்டல் புரோட்டீன், ஆல்புமின், குளோபுலின் என்று மூன்று வரி வரும். டோட்டல் 11, ஆல்புமின் 3, குளோபுலின் 8 என்று இருந்தாலும், பிலிருபின் சரியாக இருக்கிறது என்று மடித்து பீரோவில் வைத்துவிடுகிறோம். இதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். குளோபுலின் 4-க்கு மேல் போனால் காரணம் கேளுங்கள். டிபி, நாள்பட்ட ஈரல் நோய் போன்றவற்றிலும் அது ஏறும். ரத்தப் புரதங்களை வகை பிரித்து வரைபடமாகக் காட்டும் புரோட்டீன் எலெக்ட்ரோஃபோரெசிஸ் பரிசோதனை வித்தியாசத்தைக் காட்டிவிடும்: அந்த நோய்களில் அகன்ற மேடு, ஒரே வகைப் புரதம் மிகுந்தால் குறுகிய ஒற்றைக் கூர்முனை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில வகை மைலோமாவில் குளோபுலின் ஏறாமலே இருக்கும், சிறுநீரில் புரதம் பார்க்கும் சாதாரண பட்டையிலும் சிக்காது. அதற்கு லைட் செயின் (நோய் எதிர்ப்புப் புரதத்தின் சிறிய துண்டு) பரிசோதனை தனியாக உண்டு.

"ரிப்போர்ட்ல புரோட்டீன் ஜாஸ்தின்னு போட்டுக்கீதுண்ணா, அம்மாவுக்கு மீனை நிறுத்திரவா?" காசிமேட்டுப் பக்கம் ஒரு மகள் இப்படிக் கேட்பது இயல்பு. நிறுத்தாதேம்மா. இந்தப் புரதம் தட்டிலிருந்து வரவில்லை, கெட்டுப்போன செல்கள் செய்வது. மீனையும் முட்டையையும் பருப்பையும் நிறுத்தினால் அது ஒரு துளியும் குறையாது, ஏற்கெனவே சோர்ந்த உடம்பு இன்னும் இளைக்கும். சிறுநீரகம் கெட்டிருந்தால் உணவளவு வேறு கணக்கு, அதை டாக்டர் சொல்வார்.

முதுகுவலிக்கு மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி வாங்கிப் போடுவதும் அப்படித்தான். மைலோமா எலும்பை அரிக்கும்போது பெரும்பாலும் முதலில் முதுகுதான் வலிக்கும். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் அந்த நோயில் சிறுநீரகத்தைச் சீக்கிரம் சாய்த்துவிடும்.

ரத்தசோகை விஷயத்தில் அவசரப்படக் கூடாது. ஹீமோகுளோபின் 7 என்றதும் "ஒரு பாட்டில் ரத்தம் ஏத்துங்க டாக்டர்" என்று நாமே வற்புறுத்துகிறோம். ஏற்கெனவே கெட்டியான ரத்தத்தில் இன்னும் சிவப்பணுக்கள் சேர்ந்தால் ஓட்டம் மேலும் மந்தமாகி, கண்ணும் மூளையும் அடிபடலாம். பார்வை மங்கலையும் மூக்கில் ரத்தம் வந்ததையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா கெட்டியாக இருப்பதால் அதை எடுத்துவிட்டு மாற்றுத் திரவம் செலுத்தும் பிளாஸ்மா மாற்று சிகிச்சைதான் அப்போது முதலில் தேவைப்படும். ஐஜிஎம் குழாய்க்குள்ளேயே இருப்பதால் அது சீக்கிரம் பலன் தரும். ஆனால் புரதம் மறுபடி சுரக்கும், மூல நோய்க்கு மருந்து எடுத்தே ஆக வேண்டும். கண்ணில் ஊசி மட்டும் போட்டுக்கொண்டு நிறுத்திக்கொள்வது வீண்.

நம் பக்கத்தில் கண்ணுக்கு எழும்பூர் போவோம், 1819-ல் தொடங்கிய அரசு கண் ஆஸ்பத்திரி அது. ரத்தப் பரிசோதனைக்கு ஸ்டான்லியோ சென்ட்ரல் எதிரே ஜி.எச்.சோ. அங்கே கொடுத்த சீட்டு இங்கே வராது, இங்கே எடுத்த ரிப்போர்ட் அங்கே போகாது. இரண்டையும் ஒரே ஃபைலில் போட்டு, இரண்டு இடத்திலும் காட்டுங்கள்.

கண்ணைக் கசக்கினாலோ பலமாக இருமினாலோ இமையைச் சுற்றி ஊதா நிறத்தில் ரத்தம் கட்டுகிறதா? நாக்கும் தடித்திருக்கிறதா? அமிலாய்டு என்ற கெட்ட புரதம் உறுப்புகளில் படிவது காரணமாக இருக்கலாம், ஆயின்ட்மென்ட் தடவிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். "எம் புரோட்டீன் (இந்த ஒரே வகைப் புரதம்) கொஞ்சம் இருக்கு, நோய் இல்லை" என்று சொல்லப்பட்டவர்கள் கேன்சர் வந்துவிட்டதாக இடிந்துபோகவும் வேண்டாம். ஐம்பது தாண்டியவர்களில் நூற்றுக்கு மூன்று பேரிடம் அது இருக்கும். அப்படி இருப்பவர்களிலும் ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்குத்தான் நோயாக மாறும். சொன்ன தேதியில் ரத்தம் கொடுத்துவந்தால் போதும்.

சிகிச்சை தொடங்கியபின் கண்ணை மறப்பது கடைசித் தவறு. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை மாதக்கணக்கில் எடுத்தால் கண்புரை வரலாம், கண் அழுத்தமும் ஏறலாம். மைலோமாவுக்கான போர்டெசோமிப் ஊசி போடுகிறவர்களுக்கு இமையில் திரும்பத் திரும்பக் கட்டி வரலாம். கண்கட்டிதானே என்று ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்காமல், ஊசி போடும் டாக்டரிடமும் அதைக் காட்டுங்கள்.