ஊரில் பிரசவத் திட்டம் போடுவது எப்படி: அம்மா வீட்டுக்குப் போகிற பெண்ணையும் சேர்த்து

நான் நர்ஸ் இல்லை, சிவகங்கைப் பக்கம் ஒரு ஊரில் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள். மூன்று வருடமாக எங்கள் ஊர்க் கர்ப்பிணிகளுக்குப் பிரசவத் திட்டம் எழுதிக் கொடுக்கிறோம், அதாவது அவசரம் வந்தால் யார் முடிவெடுப்பது, எந்த வண்டி, பணத்துக்கும் ரத்தத்துக்கும் யார் என்று முன்கூட்டியே எழுதிவைக்கிற ஒரு தாள். அதை எப்படிச் செய்வது என்று பக்கத்து ஊராட்சிகளிலிருந்து கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்ததும் கிடைக்கும் எண்) வாங்குவது, ஊசி, ஸ்கேன், இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் நர்ஸம்மா பார்த்துக்கொள்வார், அதற்குள் நான் போகவில்லை. நம் வேலை ராத்திரி இரண்டு மணிக்கு என்ன நடக்கும் என்பதுதான். 1994-ல் தாடியஸ், மெய்ன் என்று இரண்டு ஆய்வாளர்கள் பிரசவ மரணங்களுக்குப் பின்னால் மூன்று தாமதங்கள் இருப்பதாக எழுதினார்கள்: போகலாமா என்று முடிவெடுப்பதில், போய்ச் சேருவதில், போன பிறகு சிகிச்சை கிடைப்பதில். மூன்றாவது நம் கையில் இல்லை. முதல் இரண்டும் பெரும்பாலும் ஊர்க்காரர்கள் கையில்தான். குழந்தை பிறந்த பின் ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றால் இரண்டு மணி நேரத்திலேயே உயிர் போகலாம், அதனால் வண்டி தேடி அலையும் அரை மணி நேரம் சின்ன விஷயமில்லை.

பட்டியல்

நர்ஸம்மாவையும் அங்கன்வாடி டீச்சரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பெயர்களை ஒப்பிடுங்கள், இருவர் பட்டியலும் ஒன்றாக இருக்காது. அப்புறம் ஒரு மாதக் காலண்டர் வாங்கி ஒவ்வொருவரின் பிரசவத் தேதியையும் சிவப்பு மையில் எழுதி, அதற்கு முந்தைய மூன்று வாரத்தையும் கோடு போட்டு வையுங்கள். எக்ஸெல்லில் வைத்துப் பார்த்தோம், அது ஒருத்தியின் போனுக்குள்ளேயே கிடந்தது. சுவரில் மாட்டினால் பால் ஊற்ற வருகிறவர்கூடப் பார்த்துவிட்டு "அந்தப் புள்ளைக்கு நாள் நெருங்கிருச்சே" என்று சொல்லிவிட்டுப் போவார். ஆனால் காலண்டரில் பெயரும் தேதியும் மட்டும் போதும், நோய் விவரம் எதுவும் வேண்டாம்.

யார் முடிவெடுப்பது

பெண்ணிடமும் கணவரிடமும் மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். கணவர் திருப்பூரில் இருப்பார், வீட்டில் அப்பத்தா சொல்வதுதான் நடக்கும். அவரிடம் ஆபத்து அறிகுறிகளை நேராகச் சொல்லுங்கள்: எந்த அளவு ரத்தப்போக்கானாலும், வலிப்பு, விடாத தலைவலியோடு கண் மங்குவது, முகம் வீங்குவது, பனிக்குடம் உடைவது, காய்ச்சல், குழந்தை அசைவு குறைவது. இதில் ஒன்று வந்தாலும் யாரையும் கேட்காமல் கிளம்பலாம் என்று அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். ஒரு அப்பத்தா "புள்ளத்தாச்சி வீட்டுல வந்து சாவைப் பத்தியா பேசுறீங்க" என்று விரட்டிவிட்டார். அன்றிலிருந்து "வண்டி ஏற்பாடு பேச வந்தோம்" என்றுதான் ஆரம்பிப்போம்.

வண்டி, பணம், ரத்தம்

முதலில் 108தான். அழைப்பவர் ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல், வழி தெரிகிற மாதிரி ஒரு அடையாளத்தையும் சொல்லப் பழக வேண்டும். எங்கள் தெருவில் சிக்னல் கிடையாது, கண்மாய்க் கரை ஏறினால்தான் கிடைக்கும், அதையும் தாளில் எழுதியிருக்கிறோம். 108 வரத் தாமதமானால் என்ன செய்வது என்று இரண்டு வண்டிக்காரர்களிடம் சம்மதம் வாங்குங்கள். ஒருவர் போதாது, மஞ்சுவிரட்டு அன்று ஊரில் ஒரு வண்டி இருக்காது. கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கிற முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பணம் தவணையாக வருவது, அன்று ராத்திரி அதை நம்ப முடியாது. குழுச் சேமிப்பில் மூவாயிரம் ரூபாயைத் தனியாக எடுத்துவைத்துத் தீர்மானம் எழுதிவிட்டோம். ரத்தம் கொடுப்பவர்கள் பெயர் எழுதும்போது கடைசியாக எப்போது கொடுத்தார் என்றும் கேளுங்கள். ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும்.

நாங்கள் கோட்டை விட்ட இடம்

முதல் வருடம் ஒரு பெண்ணுக்கு எல்லாவற்றையும் அழகாக எழுதினோம். வண்டி இரண்டு, ரத்தத்துக்கு மூன்று பேர், கூடப் போக நாத்தனார். அவளுக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் மேலூர்ப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்! நம் வழக்கமே அதுதானே, எங்கள் யாருக்கும் அது தோன்றவே இல்லை. ஒரு நாள் ராத்திரி அங்கே அவளுக்கு ரத்தப்போக்கு. நாங்கள் எழுதிய தாள் எங்கள் பீரோவில். வண்டிக்காரர்கள் எல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள். அவள் அப்பா வண்டி தேடித் தெருத் தெருவாக ஓடியிருக்கிறார். பிழைத்துக்கொண்டாள், ஆனால் அதற்கும் எங்கள் திட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இப்போது நாங்கள் கேட்கிற முதல் கேள்வியே "பிரசவம் எந்த ஊரில்?" என்பதுதான். அம்மா வீடு என்றால் இரண்டு தாள். ஒன்று அவள் இங்கே இருக்கும் வரைக்கும், மற்றொன்று அந்த ஊருக்கு: அங்கே பிரசவம் பார்க்கும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், சிக்கலானால் போக வேண்டிய பெரிய ஆஸ்பத்திரி, வண்டி, ரத்தம், அந்த ஊர் நர்ஸம்மா எண். பிக்மி எண் ஊர் மாறினாலும் செல்லும், வண்டிக்காரர் செல்லமாட்டார். இரண்டாவது தாளை எழுத நல்ல சமயம் வளைகாப்பு நாள்தான், இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரே இடத்தில் இருப்பார்கள். வளையல் போட்டு முடிந்ததும், சாப்பாட்டுக்கு முன்னால் உட்காரவைத்துவிடுங்கள். சாப்பிட்ட பிறகு யாரும் கையில் சிக்கமாட்டார்கள்.

பிறகு சேர்த்தது: செங்கல் சூளைக்குப் போகும் குடும்பங்களுக்கு என்ன செய்வது என்று இதைப் படித்த ஒருவர் கேட்டிருந்தார். போகும் முன்பே தாய் சேய் நல அட்டையின் எல்லாப் பக்கங்களையும் அவர்கள் போனில் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள், சூளை இருக்கும் ஊரின் பெயரை வாங்கி நர்ஸம்மாவிடம் கொடுங்கள், அங்கே உள்ள செவிலியருக்கு அவர் தகவல் சொல்ல முடியும்.

இன்னொன்று: குழந்தை பிறந்ததும் காலண்டரில் பெயரை அடித்துவிடுகிறோம் என்று பக்கத்து ஊர்க் குழுவில் சொன்னார்கள். அடிக்காதீர்கள். பிரசவ மரணக் கணக்கில் 42 நாள் வரை சேரும், காய்ச்சலும் ரத்தப்போக்கும் வீட்டுக்கு வந்த பிறகும் வரலாம். நாங்கள் 42-ஆம் நாளைப் பச்சை மையில் வட்டம் போட்டுவிட்டு, அது தாண்டிய பிறகுதான் அடிக்கிறோம்.